நாலெழுத்துப் பணிவு

பேசக் கூடாது, அவ்வளவுதானே, உலகத்தில் எத்தனையோ பேர் வாயைத் திறக்காமல் சுகமாகச் சோறு தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், நான் போக மாட்டேனா. காரை விட்டு இறங்கும்போது லோஷினி கதவைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பேசாம இருங்க லா, ப்ளீஸ். முக்கியமா சீனம் வேண்டாம்" என்றாள். சரி என்றேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்றேன். பெற்ற மகளின் கல்யாணம் போர்ட் கிள்ளானில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் வட்ட மேசைக்கு வந்து நிற்கிறது, இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தகப்பன். பையன் கா செங்குக்குச் சம்மதம். அவன் அப்பா லிம் மனசில் என்ன என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத்தான் யோசனையாம், பெண் வீட்டாரோடு ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பெண் வீட்டார் என்றால் யார், நான்தானே. என் மனைவி தனலெட்சுமியை யாருக்கும் பிடிக்காமல் போனதில்லை, ஆகவே பரீட்சை எனக்குத்தான். இதோ அந்த அம்மாள் எனக்குத் தேநீர் ஊற்றுகிறார். சீனர்கள் தேநீர் ஊற்றினால் வாயால் நன்றி சொல்ல வேண்டியதில்லை, இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்டினால் போதும், இது எனக்குத் தெரியும், பேசாமலே நான் யார் என்று காட்ட ஆண்டவன் கொடுத்த வாய்ப்பு. தட்டினேன். அவர் கவனிக்கவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். மேசை நடுவே சுழலும் கண்ணாடித் தட்டில் இருந்த வேர்க்கடலைக் கிண்ணம் குதித்தது. தனம் மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து, "என்னங்க, கதவையா தட்டுறீங்க" என்றாள். இதற்குத்தான் நாகரிகம் தெரிந்த ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது.

பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கஷ்டம் ஒன்றும் இல்லை, தொழில் பழக்கம். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்ததெல்லாம் சம்பளத்துக்கு, கிள்ளான் வட்டாரத்தில் தணிகாசலம் என்று கேட்டால் எவனும் அலுவலகத்தைக் காட்ட மாட்டான், எந்தக் கல்யாண மண்டபத்திலும் மேடை ஓரத்தைக் காட்டுவான். மைக் என் கையில் இருக்கும். மாப்பிள்ளை வரத் தாமதமா, தாலித் தட்டு காணோமா, வீடியோக்காரனுக்கு விளக்கு எரியவில்லையா, கூட்டம் அதைக் கவனிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மேடையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால் போதும், பின்வரிசை எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடும், அப்புறம் தேவேந்திரனே வந்து கூப்பிட்டாலும் திரும்பாது. ஆகவே இடைவெளி எங்கே விழுகிறதோ அங்கே நான் இருப்பேன். அது என் குணம் என்று சிலர் சொல்வார்கள், நான் சேவை என்கிறேன். இந்த மேசையில் இப்போது எத்தனை இடைவெளி. லிம் கடலையைச் சாப்ஸ்டிக்கால் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடுகிறார், பேச்சில்லை. அவர் மனைவி சாப்பிடுமுன் கிண்ணங்களைச் சீனர் வழக்கப்படி சுடு தேநீரில் கழுவுகிறார், பேச்சில்லை. கா செங் லோஷினியைப் பார்க்கிறான், லோஷினி என்னைப் பார்க்கிறாள், தனம் கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்க்கிறாள். யாராவது ஒருவர் மழையைப் பற்றியாவது ஏதாவது சொல்லலாம். என் தொண்டைக்குள் ஒரு வணக்கம், ஒரு நல்வரவு, இரு குடும்பங்கள் இணையும் இந்த இனிய நன்னாளில், எல்லாம் வரிசை பிடித்து நிற்கின்றன.

அதுவும் சீனம் வேண்டாமாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதற்காக நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாதா. பக்கத்து வீட்டு ஓங் மேடம் சீனப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், மேடம், படித்த சீனர்கள் பெரிய மனிதர்களோடு பேசும்போது நாலே எழுத்தில் ஏதோ சொல்வார்களாமே, அதில் பணிவைக் காட்டுவதாக, தன்னைத் தான் அறிந்தவன் சொல்வதாக, நாலைந்து சொல்லிக் கொடுங்கள் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுக்கு?" என்றார். "என் பணிவு அவங்களுக்குத் தெரியணும்" என்றேன். மறுபடியும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொல்லிக் கொடுத்தார், நல்ல மனுஷி. முதலாவது ட்ஸு ச்சு ச்சு மிங், கேட்பதற்கு நம் வீட்டுக் குக்கர் ஆவி விடுகிற மாதிரி இருக்கும், ஆனால் அர்த்தம் என்ன தெரியுமா, தன்னைத் தான் அறியும் வெளிச்சம். வெளிச்சம்! நாலு எழுத்துக்குள் வெளிச்சம். இரண்டாவது யென் அர் தாவ் லிங். ஒருத்தன் ஒரு வீட்டு வாசலில் தொங்கும் மணியைத் திருடப் போகிறான், தொட்டால் மணி அடிக்குமே, என்ன செய்வது என்று யோசித்து, தன் காதை நன்றாகப் பொத்திக்கொள்கிறான். தனக்குக் கேட்கவில்லை, ஆகவே ஊருக்கும் கேட்காது. அடிக்கிறது மணி, வருகிறது ஊர். என்ன கதை பாருங்கள். எனக்கு இதைக் கேட்டவுடன் எங்கள் சங்கத் தலைவர் முகம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் தமிழ்ப் பள்ளி வாரியத்தில் ஒருவர். அப்புறம் தனத்தின் அண்ணன். யோசிக்க யோசிக்க கிள்ளான் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டு மணி திருடுகிறவர்கள்தான், நான் ஒருத்தன்தான் காதைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது யே லாங் ட்ஸு தா. மலைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு நாடு, அதற்கு ஒரு ராஜா. பெரிய சீனாவிலிருந்து தூதர் வருகிறார். இந்த ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு கேட்கிறார், உங்கள் நாடு பெரிதா, என் நாடு பெரிதா என்று. மீசை ஓங் மேடம் சொன்னதில் இல்லை, நான் சேர்த்தேன், ராஜா என்றால் மீசை வேண்டும். தவளைக் கதையும் சொன்னார், கிணற்றுத் தவளை, அது நம்மிடமே இருக்கிறது, அதற்காகச் சீனா வரை போவானேன் என்று விட்டுவிட்டேன். நாலாவது குழல் ஊதுகிறவன் கதை. முந்நூறு பேர் சேர்ந்து குழல் வாசிக்கிற ராஜசபையில் வாசிக்கவே தெரியாத ஒருத்தன் நடுவில் உட்கார்ந்து கன்னத்தை மட்டும் உப்பிக் காட்டிச் சம்பளம் வாங்குகிறான், புதிதாக வந்த ராஜா தனித்தனியாக வாசியுங்கள் என்றவுடன் கொல்லைப் பக்கமாக ஓட்டம். இதுவும் சங்கத் தலைவர்தான். ஐந்தாவதாக ஒன்று ஓங் மேடத்தின் வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் அரசியல்வாதிகளைப் பார்த்துச் சொல்வது, தரையில் ஒன்றுக்குப் போய், அது தேங்கி நிற்கும்போது அதில் உன் மூஞ்சியைப் பார்த்துக்கொள் என்பது. உண்மையைச் சொன்னால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். சம்பந்தி வீட்டில் அதைச் சொன்னால் அன்றோடு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று தனம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான், இருந்தாலும்.

பேசாமல் இருங்கள் என்றாளே, ஏன் அப்படிச் சொன்னாள். சீனம் வேண்டாம் என்று முடித்திருந்தால் என் உச்சரிப்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், தொனி ஏறி இறங்குவதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் முதலில் பேசாமல் இருங்கள் என்றாள், முக்கியமாகச் சீனம் என்றாள். அப்படியென்றால் மொத்தப் பேச்சும் வேண்டாம், அதில் சீனம் மிகவும் வேண்டாம். அப்படியென்றால் தமிழிலும் வேண்டாம், மலாயிலும் வேண்டாம். அப்படியென்றால் அவளுக்கு என்னைப் பார்த்தால் வெட்கமா. நேற்று ராத்திரியும் இதையேதான் சொன்னாள், படுத்த இடத்தில் இதே கேள்வி, அப்போது கேள்வியைத் திருப்பிப் போட்டுத் தூங்கிவிட்டேன். இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், தூங்கவும் முடியாது. சே, வெட்கமாவது. சீனப் பள்ளியில் படிக்க வைத்தது யார். தமிழர் பிள்ளையைச் சீனப் பள்ளியில் போடாதே என்று நாலு பேர் சொன்னபோது, மேடையிலேயே பதில் சொன்னேனே. அந்தப் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் மைக் கொஞ்சம் மக்கர் பண்ணியது, தலைமை ஆசிரியர் திணறினார், நான் ஓடிப்போய் மைக்கைச் சரிசெய்து, சரிசெய்த கையோடு இரண்டு வார்த்தையும் பேசினேன், எல்லாரும் கைதட்டினார்கள். லோஷினி இரண்டாவது வரிசையில் நிகழ்ச்சி நிரல் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் வெயில் பட்டது, பாவம். ஆனால் அது மண்டபத்துக்குள். மண்டபத்துக்குள் எப்படி வெயில் பட்டது. சன்னல் இருந்திருக்கும். சன்னல் இருந்ததா? இருந்திருக்கும், பள்ளிக்கூடம் என்றால் சன்னல் இல்லாமல் கட்டுவார்களா, அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும், கீரை வந்துவிட்டது, இறால் வந்துவிட்டது, சாப்பிடு, தணிகாசலம், வாய்க்கு வேறு வேலை கொடு.

லிம்மும் பேசவில்லை என்பதைக் கவனிக்கிறேன். கெத்தாம் தீவுக்காரர், சொந்தப் படகு, முகம் உப்புக் காற்றில் வெந்து நிறம் மாறியிருக்கிறது. என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும், கையைப் பார்த்தால் என் கை இரண்டு சேர்ந்த அகலம். இவரும் தன் மகனிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருப்பாரோ. இல்லை, இவர் பிறவியிலேயே இப்படிப் போலிருக்கிறது. ஒரே ஒரு தடவை மலாயில் பேசினார். மீன் வந்தபோது. தட்டு முழுக்க ஒரு வெள்ளை வவ்வால் மீன், இஞ்சியும் ஊறுகாய்க் கீரையும் தக்காளியும் போட்டு ஆவியில் வேக வைத்தது, தலை என் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தார்கள், விருந்தாளிக்கு மரியாதையாம். "இது என் படகுல வந்தது. காலையில வந்தது. என் தம்பி இன்னும் கடல்லதான் இருக்கான். சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான், மறுபடி பூட்டு. இதற்கு நான் பதில் சொல்ல வேண்டாமா. உங்கள் படகு மீனுக்கு எங்கள் நன்றி, உங்கள் தம்பி நலமோடு கரை திரும்ப வேண்டும், இப்படி நாலு வார்த்தை சபையில் சொல்லாவிட்டால் நான் எதற்கு மைக் பிடித்தேன். லோஷினி என் வாயைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து மீனை வைத்து மூடினேன். நல்ல மீன். பாலில் செய்த மாதிரி மிருதுவாக இருந்தது. லிம்மின் மனைவியும் என்னைத்தான் பார்க்கிறார், நிறுத்துப் பார்க்கிற பார்வை. நான் புன்னகை செய்தேன். புன்னகை அதிக நேரம் இருந்துவிட்டது, கன்னம் வலிக்கிறது, இந்தப் புன்னகையை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. பேசாத மனிதர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறார்கள்? அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

வாயைக் கட்டினால் கை அவிழ்ந்துவிடுகிறது, இதைத் தெரிந்துகொண்டிருந்தால் கைக்கும் சேர்த்துச் சத்தியம் வாங்கியிருப்பாள். மீனின் மேல் பக்கம் தீர்ந்துவிட்டது, நடு முள் வரிசையாகத் தெரிகிறது, அடியில் பாதி மீன் சும்மா கிடக்கிறது, யாரும் தொடவில்லை. கூச்சம்போல என்று நினைத்தேன். வீட்டில் மீனைத் திருப்புவது என் வேலை, தனத்துக்குப் பொறுமை கிடையாது, சதையைச் சிதைத்துவிடுவாள். பேசித்தான் சேவை செய்ய முடியவில்லை, இதையாவது செய்வோம் என்று இரண்டு கரண்டியை எடுத்தேன், ஒன்றை அடியில் கொடுத்தேன், ஒன்றால் மேலே பிடித்தேன், ஒரே புரட்டு. இஞ்சித் துண்டுகூட நகரவில்லை. வாழ்நாளில் இவ்வளவு அழகாக நான் எதையும் திருப்பியதில்லை. கைதட்டலுக்குக் காத்திருக்கிறவனைப்போல நிமிர்ந்து பார்த்தேன். லிம்மின் மனைவி கையில் சாப்ஸ்டிக் பாதி வழியில் நின்றுவிட்டது. அதிலிருந்த இறால் மேசையில் விழுந்தது. லிம் மீனையே பார்க்கிறார். கா செங் வெளுத்துப்போய் என் காதருகே குனிந்து, "அங்கிள், கடலுக்குப் போறவங்க மீனைத் திருப்ப மாட்டாங்க. படகு கவுந்துடும்னு நம்பிக்கை. முள்ளை எடுத்துட்டு அப்படியே சாப்பிடுவாங்க" என்றான். தம்பி இன்னும் கடலில்தான் இருக்கிறான் என்று இவர் மலாயில் சொன்ன ஒரே வாக்கியம் எனக்கு மறுபடி கேட்டது. என் பெண்ணின் கல்யாணத்தை இரண்டு கரண்டியால் கவிழ்த்துவிட்டேன்.

இப்போது பேசலாம் அல்லவா, இப்போதும் பேசாவிட்டால் எப்போது பேசுவது, மன்னிப்புக் கேட்க வேண்டாமா. மீனை மறுபடி திருப்பிவிடலாமா, வேண்டாம், இரண்டு தடவை கவிழ்த்தது ஆகும். ட்ஸு ச்சு ச்சு மிங், அதைச் சொன்னால் என்ன, எனக்குத் தன்னை அறியும் வெளிச்சம் இல்லை, மன்னியுங்கள் என்று. அல்லது குழல்காரன், நான் அந்தக் குழல்காரன், உங்கள் சபையில் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று. இல்லை, ராஜாவின் கதை பொருத்தம், ஆனால் அதில் மீசை வரும், நீளம். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாய்க்கு வந்துவிட்டன, ஒரே நேரத்தில் கதவைத் தள்ளினால் எது முதலில் வெளியே வரும், ஒன்றுக்குப் போகிறதுதான் வரும், எனக்குத் தெரியும், என் நாக்கில் சனி. தனத்தின் கால் என் காலை மிதிக்கிறது. லோஷினியைப் பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. கெஞ்சவும் இல்லை. கையை மட்டும் மேசை மேல் லேசாக உயர்த்தினாள், பொறுங்கள் என்கிற மாதிரி, மேடையில் நான் நாதஸ்வரக்காரர்களுக்குக் காட்டுவேனே, அதே கை. வந்த அத்தனையையும் விழுங்கினேன். விழுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு தகப்பன்மார்களும் ஒரு மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இடைவெளி என்றால் இது இடைவெளி, இதில் பின்வரிசை மட்டுமா, மணமகளே எழுந்து போய்விடலாம்.

அப்போது லோஷினி பேசினாள். ஹொக்கியனில், லிம் வீட்டார் பேசுகிற சீனத்தில். லிம்மைப் பார்த்து, சாதாரணக் குரலில், ஒரு வாக்கியம். நடுவில் நிறுத்தி மீனைக் கரண்டியால் காட்டினாள். அப்புறம் இரண்டே வார்த்தை. லிம்மின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு மூக்கு சுருங்கியது, தோள் குலுங்கியது, மனிதர் சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேசையைத் தட்டுகிறார். கடலைக் கிண்ணம் குதிக்கிறது, இந்தத் தடவை யாரும் கவலைப்படவில்லை. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கா செங்கிடம், என்ன சொன்னாள் என்று சைகையால் கேட்டேன், சத்தியம் சத்தியம்தான். அவன் சிரிப்புக்கு நடுவில் சொன்னான், "லோஷினி எங்கப்பாகிட்ட, 'எங்க அப்பா படகைக் கவுக்கல அங்கிள், துறைமுகத்துல வேலை பாத்தவரு, அடியில சிப்பி ஒட்டியிருக்கான்னு பாக்குறாரு'ன்னா. எங்கப்பா அதைத்தான் போன வாரம் பூரா செஞ்சாரு, படகைக் கரையில ஏத்திச் சாய்ச்சு வச்சு அடியச் சுரண்டிக்கிட்டு." எனக்கு முதலில் வந்தது பொறாமை, ஒளிக்க ஒன்றுமில்லை, தொழில்காரனின் பொறாமை. எந்த இடத்தில் நிறுத்தினாள் பாருங்கள். இரண்டு வார்த்தையில் முடித்தாள் பாருங்கள். நானாக இருந்தால் அதற்கு முன்னால் துறைமுகத்தின் வரலாறு சொல்லியிருப்பேன். இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது. என் வீட்டில், என் எதிரில், இத்தனை வருஷம் சோறு தின்றவள், இவள் ஒரு வேடிக்கையை ஆரம்பித்து முடித்து நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? யோசிக்கிறேன். கேட்டதில்லை. தனத்தின் பக்கம் திரும்பி, "இவ இப்படியெல்லாம் பேசுவாளா?" என்று முணுமுணுத்தேன். "அடுப்படியில பேசுவா. நீங்க எங்க வந்தீங்க" என்றாள் தனம்.

லிம் இப்போது வேறு ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலாயில் என்னைப் பார்த்துப் பேசுகிறார், "உங்க மகள் சொல்லிச்சு, நீங்க எங்களுக்காக நாலெழுத்துச் சீனமெல்லாம் படிக்கிறீங்கன்னு. எனக்கே அதெல்லாம் தெரியாது, நான் பள்ளிக்கூடத்துல பாதியில படகுல ஏறிட்டேன். எப்படிப் படிச்சீங்க?" சொல்லியிருக்கிறாள். இவர்களிடம் சொல்லியிருக்கிறாள். வெட்கப்படுகிறவள் சொல்லுவாளா? லோஷினி முந்திக்கொண்டாள், எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில், "அங்கிள், அதை ஏன் கேக்குறீங்க. தினம் விடியக்காலையில எங்கப்பா குளியலறையில நின்னுக்கிட்டு, தொண்டை கிழிய, ட்ஸு ச்சு ச்சு மிங், ட்ஸு ச்சு ச்சு மிங்னு. தெருவே முழிச்சுக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஓங் மேடம் சுவரைத் தட்டி..." அங்கே நிறுத்தினாள். நிறுத்தி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கதை எனக்குத் தெரியும், ஐந்தாறு வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன், ஓங் மேடம் என் உச்சரிப்பைக் கேட்டுச் சுவரைத் தட்டிப் பாராட்டி, அந்தப் பக்கத்திலிருந்தே இன்னொரு நீளமான வாக்கியமும் கற்றுக்கொடுத்தார். மூச்சை இழுத்தேன். முதல் வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆனால் அவள் ஏன் அங்கே நிறுத்தினாள்? மறந்துவிட்டாளா? மறக்கவில்லை. சிரிப்புக்காக நிறுத்தினாளா? அதுவும் இல்லை, சற்று முன் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியவள். அவள் எனக்காக நிறுத்தியிருக்கிறாள். பாதி வரை வந்து மீதியை என்னிடம் கொடுத்துவிடுவது அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது, குழந்தையிலிருந்து, பள்ளிக்கூடத்துக் கதையிலிருந்து, பல்லு விழுந்த கதையிலிருந்து, எப்படியும் அப்பா பிடுங்கிக்கொள்வார் என்று அவளே நீட்டிவிடுகிறாள், நான் அதை அவள் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. சபையில் மைக் பிடிக்கிறவன் அழக் கூடாது.

"நீயே சொல்லி முடிம்மா" என்றேன்.

லோஷினிக்குப் புரியவில்லை. "என்னப்பா?" என்றாள். "உன் கதைதானே. நீ சொல்லு" என்றேன். ஒரு நிமிஷம் தனத்தைப் பார்த்தாள், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்கிற பார்வை. பிறகு லிம்மின் பக்கம் திரும்பி, மெதுவாக, வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முடித்தாள், "ஓங் மேடம் சுவரைத் தட்டி, தன்னைத் தெரிஞ்ச ஆளு விடியக்காலையில இப்படிக் கத்த மாட்டான்னு சீனத்துல கத்துனாங்க. எங்கப்பா அது புதுப் பாடம்னு நெனச்சு, தேங்க்யூ மேடம்னு சொல்லிட்டு, அதையும் பத்து தடவை கத்தி மனப்பாடம் பண்ணிட்டாரு." மேசை அதிர்ந்தது. கா செங் நாற்காலியில் சரிந்துவிட்டான், லிம் என் தோளில் அடித்தார், தனம், என் தனம், அவளுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரியாது. அந்த நீள வாக்கியத்தின் அர்த்தம் நிலவொளி பற்றி ஏதோ என்று நானாக முடிவு செய்து, இன்றைக்கு விருந்து முடியும்போது கடைசியாக அதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து நானும் சிரித்தேன், முதலில் மரியாதைக்கு, பிறகு அடக்க முடியாமல், ஏனென்றால் என் கதையைவிட அவள் கதை நன்றாக இருந்தது, அதுதான் நடந்ததும்கூட.

லிம்மின் மனைவி சிரித்து ஓய்ந்து, கண்ணாடித் தட்டை மெல்லச் சுற்றி, கவிழ்ந்த மீனைத் தன் பக்கம் கொண்டுவந்தார். அதுவரை அதை யாரும் தொடவில்லை. அந்த அடிப்பக்கத்திலிருந்து கன்னத்துச் சதையை, எல்லாவற்றிலும் நல்ல துண்டு அதுதான், சாப்ஸ்டிக்கால் பெயர்த்தெடுத்து லோஷினியின் தட்டில் வைத்தார். "பேசிக்கிட்டே இருக்கியே, சாப்பிடு, எங்க வீட்டுல ஆறிப்போனதைத் தின்ன விட மாட்டேன்" என்று மலாயில் அதட்டினார். எங்க வீட்டுல என்றார், நான் சரியாகத்தான் கேட்டேன், தனத்தின் கை என் கையைப் பிடித்தது. லோஷினி மீனை வாயில் போட்டுக்கொண்டாள், மென்றாள், மென்றுகொண்டே கையை ஆட்டி, "ஆன்ட்டி, இது பரவாயில்ல, ஒரு தடவை ஸ்கூல் பரிசளிப்பு விழாவுல எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் தேநீரை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறேன்.